பெட்டி மேல் மூன்று எழுத்து

வளைகுடாவில் வளர்ந்து பாதியில் ஊருக்கு அனுப்பப்பட்ட நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் உடனே பதில் வராது. கேட்பவரின் முகத்தைப் பார்த்து, இவருக்கு எந்தப் பதில் போதும் என்று கொஞ்சம் யோசிப்போம். என்னிடம் கூடுதலாக இன்னொரு பழக்கமும் இருக்கிறது. எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும் அதன் விமான நிலையத்துக்கான மூன்று ஆங்கில எழுத்துகள்தான் முதலில் மனதில் வரும். மதுரை என்றால் IXM. கோயம்புத்தூர் என்றால் CJB. அடுத்த நொடி, அந்த மூன்று எழுத்துகளும் உள்ளே இருக்கிற ஏதாவது ஒரு ஆங்கில வார்த்தை வந்து நிற்கும். அலுவலகக் கூட்டங்களில்கூட இது நடக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பெட்டி கட்டுகிற வாசனை உங்களுக்கும் தெரியும்.

துபாயில் அல் குசைஸில் ஒரு கார்கோ கடை. ஒரு பக்கம் சலூன், மறுபக்கம் கஃபட்டேரியா. ஊருக்குச் சாமான் அனுப்புகிறவர்கள் அங்கே கொண்டுவந்து கொடுத்தால், எடை போட்டு, அட்டைப்பெட்டியில் கட்டி, விமானத்திலோ கப்பலிலோ ஏற்றி, வீட்டு வாசல்வரை சேர்ப்பார்கள். அப்பா அந்தக் கடையில் எடை போடுவார், பெட்டிமேல் முகவரி எழுதுவார். கடை முதலாளி காயல்பட்டினத்துக்காரர். எல்லாரும் அவரைக் காக்கா என்றார்கள். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அது அவருடைய பெயரே ஆகிவிட்டது. பெட்டி கட்டுவதற்கு ஒரு அண்ணன் இருந்தார், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பழுப்பு நிற டேப்பை அவர் இழுக்கும் சத்தம் கடைக்கு வெளியே பஸ் நிறுத்தம்வரை கேட்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி வேன் என்னைக் கடை முனையில் இறக்கிவிடும். நாங்கள் ஒரு வில்லாவில் ஒரே ஒரு அறையில் இருந்தோம். மற்ற அறைகளில் மற்ற குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே சமையலறை, ஆளுக்கொரு நேரம். அம்மாவின் நேரம் சாயங்காலம். அந்த நேரத்தில் நான் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதால், பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்கும்வரை கடையில்தான். கட்டி முடித்த பெட்டிகள் மூன்றை அண்ணன் எனக்காகப் படி மாதிரி அடுக்கி வைத்திருப்பார். மேல் பெட்டியில் உட்கார்ந்தால் தராசு, கல்லா, சுவர்க் கடிகாரம், தெரு எல்லாம் தெரியும். நான் உட்கார்ந்த பெட்டி மறுநாள் இருக்காது. அது தஞ்சாவூருக்கோ நாகர்கோவிலுக்கோ போயிருக்கும். வேறு பெட்டி வந்திருக்கும். எந்த ஊர் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தினமும் குனிந்து பார்ப்பேன்.

விளையாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. முகவரிக்கு மேலே, பட்டையான கறுப்பு மார்க்கரால், அப்பா மூன்று எழுத்துகளைப் பெரிதாக எழுதுவார். குடோனில் பெட்டிகளைப் பிரிக்கிறவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாது. மூன்று எழுத்து என்றால் எல்லாருக்கும் புரியும். ஒருநாள் என் காலடியில் இருந்த IXM என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அப்பா, இந்த மூணு லெட்டரும் mixture-ல இருக்கு” என்றேன். அப்பா மார்க்கரை மூடாமல் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அடுத்தது CJB. சொல்லு பார்ப்போம்.”

அன்று முழுக்க யோசித்தேன். மறுநாள் பள்ளியில், கணக்கு நோட்டின் அட்டையில் Subject என்று அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். டீச்சர் என்ன என்று கேட்டார்.

விதிகளை நாங்களே போட்டுக்கொண்டோம். மூன்று எழுத்தும் வார்த்தைக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் வார்த்தையிலும் இரண்டு முறை வர வேண்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது. அர்த்தம் தெரியாத வார்த்தையும் செல்லாது. எனக்குச் சின்ன வார்த்தைகள் பிடிக்கும், அப்பாவுக்கு நீளமானவை. அபுதாபி கிளையிலிருந்து AUH என்று சீட்டு ஒட்டிய பெட்டிகள் வந்த அன்று எங்களுக்குள் சண்டையே வந்தது. நான் laugh என்றேன். அப்பா கொஞ்சம் தாமதமாக daughter என்றார்.

“நான்தான் ஃபர்ஸ்ட்!”

“என்னுது பெருசு.”

“பெருசா இருந்தா ஜெயிச்சதா அப்பா? ரூல்ல இல்லையே!”

தீர்ப்பு சொல்லக் காக்காவிடம் போனோம். அவர் பால் இல்லாத சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்த்தைகளையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, “கேக்கதுக்கு எது நல்லாருக்கோ அதுதான் ஜெயிச்சுது. புள்ள ஜெயிச்சுட்டு. கலாஸ், முடிஞ்சுட்டு” என்றார். புள்ள என்று என்னைச் சொன்னாரா, daughter என்ற வார்த்தையைச் சொன்னாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

கொஞ்ச நாளில் இது கடையின் வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை லீவு நாள் என்பதால் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து ஆட்கள் வேனில் வந்து இறங்குவார்கள். கம்பளி, சோப்பு, பால் பவுடர் டின், ஆரஞ்சுப் பவுடர், கோடாலித் தைலம், பிள்ளைகளுக்கு லைட் எரிகிற ஷூ. எடை போடக் காத்திருக்கும் நேரத்தில் ஆளாளுக்குத் தங்கள் ஊருக்கு என்ன வார்த்தை என்று கேட்பார்கள்.

“பாப்பா, நமக்கு மதுரை. என்ன வருது?”

“மிக்சர்.”

“மிக்சரா? அண்ணே, கேட்டீங்களா. இங்கேருந்து எவன் மிக்சர் கொண்டு போவான்? அங்கேருந்துல்ல வரணும்.”

“உங்க ஊர்ல திங்கிறதைத் தவிர வேற என்னய்யா இருக்கு” என்பார் பெட்டி அண்ணன், டேப்பைப் பல்லால் கடித்தபடி.

“அவரு ஊருக்கு என்னன்னு சொல்லு பாப்பா மொதல்ல!” என்பார் மதுரைக்காரர்.

அங்கேதான் சிக்கல். அண்ணனுக்குத் திருச்சி விமான நிலையம். எங்களுக்கும் அதுதான். TRZ. எனக்கு அதற்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. z வந்தால் t வராது, இரண்டும் வந்தால் r வராது. zebra என்று ஒருநாள் கத்திவிட்டு, அதில் t இல்லை என்று நானே உட்கார்ந்துவிட்டேன். திருச்சிக்காரர்கள் வந்தால் அண்ணன் வேண்டுமென்றே என் பக்கம் கை காட்டுவார். “நம்ம ஊருக்கு மட்டும் ஆண்டவன் வார்த்தையே வைக்கல பங்காளி. டோக்கன் வாங்கிட்டு நில்லு.” அவர்களும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “அடுத்த வாரமாவது கிடைக்குமா பாப்பா?” என்பார்கள். அப்பாவிடம் கேட்டால், தெரியாது என்று தலையை ஆட்டுவார். நம்ம ஊரு கடைசியில் வரட்டும், அவசரம் என்ன என்பார்.

அம்மாவுக்கு இந்த விளையாட்டில் சந்தேகம் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெண்பிள்ளை வாயாடுகிறாள் என்பது ஒன்று. இன்னொன்று, நான் வரவரத் தமிழில் பேசுவது குறைந்துகொண்டே போகிறது என்பது. “சோத்துக்கு முன்னாடி உக்காந்து ஸ்பெல்லிங் சொல்லிக்கிட்டு இருக்கா. நாளைக்கு ஊர்ல போய் இவ எப்படிப் பேசுவா?” என்று அப்பாவிடம் கேட்டார். ‘நாளைக்கு’ என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் நாளைக்கு என்பார்கள்.

பெட்டி அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போனபோது, வழியனுப்ப நானும் அப்பாவோடு ஷார்ஜா விமான நிலையத்துக்குப் போனேன். வரிசை நீளம். அண்ணன் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ஆளே மாறியிருந்தார். எனக்குச் சலிப்பு வரக் கூடாது என்று அப்பா அவருடைய டிக்கெட்டைக் காட்டி, “இந்தா, புதுசு. SHJ. ஷார்ஜா” என்றார். s, h, j. நான் நெடுநேரம் யோசித்தேன். அண்ணனின் முறை வந்து, பெட்டியைத் தூக்கி பெல்ட்டில் வைக்கிற நேரத்தில், முந்தின வாரம் டிவியில் கேட்ட ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது.

“Hijacks!” என்று கத்தினேன். “அப்பா, hijacks! மூணும் இருக்கு!”

வரிசை முழுவதும் திரும்பியது. அப்பாவின் கை என் வாயை மூடியது. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டார். ஒரு போலீஸ்காரர் மெதுவாக எங்களை நோக்கி வந்தார். அப்பா இந்தியில், ஆங்கிலத்தில், தனக்குத் தெரிந்த நாலு அரபி வார்த்தையில் எல்லாம் விளக்கினார். ஸ்பெல்லிங், கேம், பேபி, மாஃபி முஷ்கிலா, ஒரு பிரச்சினையும் இல்லை. போலீஸ்காரர் என்னை ஒருமுறை பார்த்தார், டிக்கெட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலை உதட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்தது என்று அப்பா பிறகு சொல்வார். நான் பார்க்கவில்லை. அண்ணன்தான் வேர்த்து விறுவிறுத்து நின்றார். “பாப்பா, மூணு வருசம் கழிச்சுப் போறேன். என்னைய ஊருக்குப் போக விடு தாயி.”

எந்தப் பெட்டி எப்படிப்பட்ட பெட்டி என்று எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான், லீவு முடிந்து திரும்பி வந்த பிறகு. பாடமாக இல்லை, கிண்டலாகத்தான். ஒரு குடும்பத்தின் சாமானைக் கட்டிக்கொண்டே, “இவங்க லீவு இல்ல பாப்பா. கேன்சல்ல போறாங்க” என்றார். விசாவை ரத்து செய்துவிட்டு மொத்தமாகப் போவதை அப்படித்தான் சொல்வார்கள்.

“எப்படித் தெரியும்?”

“லீவுக்குப் போறவன் புதுச் சாமானா அனுப்புவான். எல்லாம் அடுத்தவங்களுக்கு. மொத்தமாப் போறவன் பழசை அனுப்புவான். எல்லாம் அவனுக்கு. இந்தா, குக்கரைப் பாரு. லீவுக்குப் போறவன் குக்கரை எடுத்துக்கிட்டா போவான்? திரும்பி வந்து எதுல சமைப்பான்? குக்கர் பெட்டிக்குள்ள போயிருச்சுன்னா டிக்கெட் ஒன்வேதான்.”

அதன் பிறகு நான் வார்த்தைகளோடு குக்கர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். அடி கறுத்த குக்கர், பக்கத்தில் தோசைக்கல், துணி உலர்த்தும் கொடி, பிள்ளையின் சைக்கிளிலிருந்து கழற்றிய பக்கச் சக்கரங்கள். இவை எல்லாம் கப்பலில்தான் போகும். கப்பல் பெட்டி போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஆள் கிளம்புவதற்கு வெகு முன்பே பெட்டி கிளம்பிவிடும். மனிதர்கள் அதன் பிறகும் சில வாரங்கள் இங்கேயே நடமாடுவார்கள். அவர்களைத் தெருவில் பார்த்தால் எனக்கு ஏதோ போலிருக்கும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம். வில்லாவில் இத்தனை குடும்பம் இருக்கக் கூடாது, காலி செய்யுங்கள் என்று நகராட்சியிலிருந்து வந்து சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: கோடை லீவில் நாமும் ஊருக்குப் போகிறோம், அதற்குள் அப்பா வேறு வீடு பார்த்து வைப்பார். ‘நாமும்’ என்றுதான் அம்மா சொன்னார். அந்தச் சொல்லில் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டில் சோறு குழைந்து, கஞ்சி வாசனையோடு இருந்தது.

“குக்கர் ரிப்பேர்” என்றார் அம்மா. “அப்பா கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. வாஷர் மாத்தணும்.”

மறுநாள் வேன் என்னைக் கொஞ்சம் சீக்கிரமாக இறக்கிவிட்டது. அப்பா குடோனுக்குப் போயிருந்தார். காக்கா தொழுகைக்குப் போயிருந்தார். அண்ணன் கடையின் பின்பக்கம், கப்பல் பெட்டிகள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். திறந்திருந்த பெட்டிக்குள் ஒரு மஞ்சள் போர்வை. அதில் சுற்றி வைத்த குக்கரின் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

“அண்ணே, இது எங்க குக்கர்.”

அவர் நிமிரவில்லை. “எல்லாக் குக்கரும் ஒரே மாதிரிதான் பாப்பா இருக்கும்.”

“கைப்பிடி உடைஞ்சு அப்பா டேப் சுத்தினாங்க. போர்வையும் என்னோடதுதான்.”

மேலே எங்கோ விமானம் இறங்குகிற சத்தம் வந்தது. குசைஸில் அது எப்போதும் வரும். அன்றைக்குத்தான் அது முடிகிறவரை கேட்டேன். அண்ணன் பெட்டியின் இரண்டு மடிப்பையும் மெதுவாக மூடினார்.

“அப்பாக்கிட்ட நான் காட்டினேன்னு சொல்லிறாத” என்றார். “உனக்குத் தெரிஞ்சா அழுவேன்னு நினைக்கிறாரு. கிளம்புற வரைக்கும் புள்ள சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னு.”

“நீங்க காட்டலையே. நானாத்தானே பார்த்தேன்.”

“ஆமா. நீயாத்தான் பார்த்த.” டேப்பை இழுத்தார். அந்தச் சத்தம் அன்று அவ்வளவு நீளமாக இருந்தது.

நான் முன்பக்கம் வந்து என் பெட்டிப் படிகளில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. செய்ய வேண்டியவற்றை மனதில் வரிசையாக எழுத ஆரம்பித்தேன். எனக்கு அப்போதே அந்தக் குணம். அப்பாவிடம் கேட்பது. அம்மாவிடம் கேட்பது. காக்காவிடம் சொல்லி அவர் வீட்டில் இடம் கேட்பது. அந்தக் கடைசி யோசனை எனக்கே முட்டாள்தனமாகப் பட்டது. யோசித்தபடி எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நடுவில், முட்கள் சேரும் இடத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வார்த்தை. இத்தனை மாதமாக அதன் நேர் எதிரே உட்கார்ந்திருந்தும் அதைப் படித்ததில்லை. Quartz. t இருந்தது. r இருந்தது. z இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வயதின் கணக்கு அது: எங்கள் ஊருக்கு வார்த்தை கிடைக்காதவரை எங்கள் பெட்டி போகாது. போனாலும் நாங்கள் போக மாட்டோம். ஊர் கடைசியில் வரட்டும் என்று அப்பாதானே சொன்னார்.

சில நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில், அப்பா என் அருகே வந்து நின்றார். மார்க்கரை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“நம்ம ஊரு பாக்கியாவே இருக்கேடா தங்கம். இன்னைக்குக் கண்டுபிடிச்சிடலாமா?”

“தெரியலப்பா.”

“நல்லா யோசி. இந்தக் கடைக்குள்ளேயே இருக்குன்னு வெச்சுக்கோ.”

அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. நான் தராசைப் பார்த்தேன், கல்லாவைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன். கடிகாரத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. காக்கா கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தி, “ஏம்புள்ள, நேரா மேல பாரு...” என்று ஆரம்பித்தார். அப்பா அவர் பக்கம் லேசாகக் கையைக் காட்டினார். காக்கா நிறுத்திவிட்டார். அண்ணன் டேப்பைக் கீழே வைத்திருந்தார்.

“தெரியலப்பா” என்றேன் மறுபடியும்.

“சரி. விடு. லீவு முடிஞ்சு வந்து பார்த்துக்கலாம்.”

“சரிப்பா. வந்து பார்த்துக்கலாம்.”

என்னை ஏமாற்றிவிட்டதாக அப்பா நினைத்தார். அப்பாவை ஏமாற்றிவிட்டதாக நான் நினைத்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. குழந்தைகளிடம் மறைத்தால் குழந்தைகள் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நம் பெற்றோர் நினைத்தார்கள். இந்தக் கணக்கில் எத்தனை வீடுகள் தவறியிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் அன்றைய வயதை இப்போது நான் நெருங்கிக்கொண்டிருக்கும்போது, அவரிடம் அன்று வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுப்பதற்கு ஒரு மாதத்துச் சிரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தார்.

கிளம்பிய நாள் எனக்கு அதிகம் நினைவில்லை. பள்ளிப் பையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதும், அம்மா பதில் சொல்லாமல் அதில் என் துணிகளை அடைத்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

திருச்சிக்குப் பக்கத்தில் புதுப் பள்ளி. அங்கே என் பெயர் ‘துபாய்’. தமிழில் பேசினால் சிரித்தார்கள், ஆங்கிலத்தில் பேசினால் திமிர் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் அப்பா ஃபோன் செய்வார். முதல் சில மாதங்கள் விளையாட்டு ஃபோனில் நடந்தது. “இன்னைக்குக் கொச்சிக்கு நிறையப் பெட்டி. COK சொல்லு.” நான் cook என்பேன். குரல் போய்த் திரும்ப ஒரு நொடி ஆகும். அந்த நொடியில் அவர் என் பதிலுக்குக் காத்திருக்கிறாரா, நான் அவர் பதிலுக்குக் காத்திருக்கிறேனா என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்துவோம். பிறகு ஃபோன் கார்டின் பீப் சத்தம். மெல்ல மெல்ல அப்பா மார்க் மட்டும் கேட்க ஆரம்பித்தார். வேறு வீடு பார்ப்பதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இன்ஜினியரிங் முடிக்கும்வரை அவர் ஒரு பெட் ஸ்பேஸில், அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் இருந்தார். பிறகு அவரும் மொத்தமாக வந்துவிட்டார். அந்த வருடமே எனக்குத் துபாயில் வேலை கிடைத்தது. நான் போனேன்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். மூன்று எழுத்தைக் கொடுத்தால், அவை இருக்கிற எல்லா ஆங்கில வார்த்தைகளையும் அகராதியிலிருந்து எடுத்துத் தருகிற நிரலை இங்கே வந்த முதல் வாரமே எழுதினேன். ஒரே வரிதான். கண் இமைக்கும் நேரத்தில் திரை நிரம்பி வழிந்தது. முக்கால்வாசி வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. எங்கள் விதிப்படி அவை செல்லாது.

இந்த வருடம் அப்பாவை விசிட் விசாவில் அழைத்தேன். அம்மா வரவில்லை. “ஒருதடவை அங்கேருந்து கிளம்பினதே போதும்டி” என்றுவிட்டார். எனக்கு இப்போது தனி வீடு இருக்கிறது. அதில் அப்பாவுக்கென்று ஒரு அறை, ஜன்னலில் விமானங்கள். கணக்குப்படி பார்த்தால் அன்று எங்களிடம் இல்லாதது எல்லாம் இப்போது இருந்தது: வீடு, விசா, சம்பளம். இருக்கவைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்லாமல், விசாவை நீட்டிக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டேன்.

முதல் வாரம் அவர் தினமும் மெட்ரோ ஏறிக் குசைஸ் போய் வந்தார். “நம்ம கடை இருந்த இடத்துல நகத்துக்கு ஒரு கடை வெச்சிருக்கான்” என்றார். “நகத்துக்குக் கடை! உள்ள நாலு சோபா வேற.” சிரித்தோம். காக்கா காயல்பட்டினத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார் என்று விசாரித்து வந்திருந்தார். பெட்டி அண்ணனைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

என் நிரலை அவரிடம் காட்டினேன். வார்த்தைகள் ஓடுவதைக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

“இத்தனை இருக்கா?”

“இருக்குப்பா.”

“நாம சொன்னதெல்லாமும் இதுக்குள்ள இருக்கா?”

“எல்லாம் இருக்கு.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “ரொம்ப வேகமா வந்திருது” என்றார். பிறகு எழுந்து போய், காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். என் துணிகளையும் சேர்த்துத்தான்.

இரண்டாம் வாரத்திலிருந்து அவர் காலையில் ஐந்து மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எங்கேயும் போவதற்கில்லை. நான் அலுவலகம் கிளம்பும்போது வாசல்வரை வருவார். ஒருநாள் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்:

“டிக்கெட் எப்பம்மா போடுறது?”

“இருங்கப்பா. என்ன அவசரம்? விசாவை நீட்டிக்கலாம்.”

“அம்மா தனியா இருக்கா.”

“அம்மாவையும் வரச் சொல்லலாம்.”

“அவ வர மாட்டா.” கதவுப் பிடியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். “உன் வீடு நல்லா இருக்குடா தங்கம். குறை ஒண்ணுமில்ல. டூட்டி இல்லாம இந்த ஊர்ல எப்படி இருக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல.”

மதியம் அலுவலகத்திலிருந்து டிக்கெட் போட்டேன்.

விமான நிலையத்தில் அவர் என்னை உள்ளே வர விடவில்லை. பார்க்கிங்குக்கு வீணாகப் பணம் ஏறும், நீ கிளம்பு என்றார். போகாதீங்கப்பா என்று சொல்ல வந்தேன். அதைச் சொல்லாமல், போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணுங்க என்றேன். அவர் உள்ளே போன பிறகும் கிளம்பாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அன்று கடையில் அவர் எதைச் சொல்லாமல் லீவு முடிஞ்சு பார்த்துக்கலாம் என்றார் என்பது, அதையே நானும் சொல்லாமல் நின்ற அந்த நேரத்தில்தான் முழுவதும் தெரிந்தது. நாங்கள் இருவரும் இந்த ஊரில் ஒன்றாக இருந்த காலம் ஒன்றுதான். அதற்கு விசா கிடையாது.

வரிசை நகர்ந்தது. அவர் தள்ளுவண்டியை முன்னால் தள்ளித் தள்ளிப் போனார். உள்ளே திரும்புகிற இடத்தில் நின்று, நான் போயிருக்க மாட்டேன் என்று தெரிந்தவர் போல, நேராக என்னைத் திரும்பிப் பார்த்தார். கையசைக்கவில்லை. சட்டைப் பையை இரண்டு முறை தட்டிக் காட்டினார்: பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே.